கடல் தொந்தரவு இல்லாத கடற்கரைச் சாலை

கடற்கரைச் சாலை என்று பெயர் வைத்துக்கொண்டு, கடலைக் கண்ணில் காட்டாமலே ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போவது லேசுப்பட்ட காரியமா? சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை அதைச் சாதித்திருக்கிறது. திருவான்மியூரில் ஏறியது முதல் இடது கைப்பக்கம் வங்காள விரிகுடா கூடவே வருகிறது. பல இடங்களில் கூப்பிடு தூரம்தான். வரைபடத்தில் பார்த்தால் சாலையும் கடலும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி இருக்கும். நேரில் போகிறவர் கண்ணில் அந்த நீலம் பட்டு, கவனம் சிதறி, வண்டி எதிலாவது மோதிவிடக் கூடாதே என்கிற கரிசனத்தில் நடுவே மதில், மதில் முடிந்தால் பெரிய கேட், கேட் முடிந்தால் தகர வேலி, வேலி முடிந்தால் சவுக்குத் தோப்பு, தோப்பு முடிந்தால் மறுபடி மதில் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஊட்டி மலைப்பாதையில் பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டி எத்தனை பேர் பயந்திருக்கிறோம்! அந்தக் கவலை இங்கே கிடையாது.

இந்த அருமையை எனக்கு உணர்த்தியவர் தாராபுரத்து அத்தை. வயது எழுபத்திரண்டு. கடலை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், ராமேசுவரத்தில், மாமாவின் அஸ்தியைக் கரைத்தபோது. "அன்னிக்கு எங்க சாமி கடலப் பார்த்தேன், சட்டியத்தான் பார்த்துட்டிருந்தேன்" என்பார். இந்த முறை நின்று பார்க்க வேண்டும், ஒரு தடவை காலை நனைக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டார். மெரினாவுக்குக் கூட்டிப்போயிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். "அங்க என்னங்க அத்தை இருக்குது, ஒரே கூட்டம். ஈசிஆர்ல போலாமுங்க. வழி முழுக்கக் கடலுதான்" என்றேன். பதினெட்டு வருஷமாக மெட்ராஸில் இருக்கிறவன் சொல்கிறானே என்று அத்தையும் நம்பி, ஞாயிற்றுக்கிழமை காலை வேளச்சேரி வீட்டில் காய்ச்சி ஆற்றிய தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம். இந்த முதல் பகுதியில் விடுமுறை நாளில் வண்டிகள் நடந்துதான் போகும். அதிலும் ஒரு நன்மை உண்டு. மதில்களை நின்று நிதானமாக ரசிக்கலாம். கருங்கல் பதித்த மதில், காகிதப்பூ வழியும் மதில், மேலே மின்கம்பி ஓடும் மதில், நான்கு மூலையிலும் கேமரா வைத்து நம்மை அன்போடு பார்த்துக்கொண்டிருக்கும் மதில். ராஜா காலத்துக் கோட்டைகளுக்குக்கூட இத்தனை ரகம் இருந்திருக்காது. நீலாங்கரை தாண்டி ஒரு வீட்டின் கேட் கார் வெளியே வருவதற்காகத் திறந்தது. புல்தரை, நீச்சல் குளம், அதற்கும் அப்பால் கத்தி முனை மாதிரி ஏதோ மினுங்கியது. அத்தை சட்டென்று நிமிர்ந்தார். "ஏஞ்சாமி, அதுங்களா?" காவலாளி கேட்டைச் சாத்திவிட்டார். கடல் பக்கத்திலேயே இருக்க, வீட்டுக்குள் எதற்கு நீச்சல் குளம் என்று அத்தை கேட்டார். கடலைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்கிற நல்ல மனசாகத்தான் இருக்கும்.

கடலை நேரில் காட்டாவிட்டாலும் எழுத்தில் காட்டுவதில் இந்தச் சாலைக்கு ஈடில்லை. ஓஷன், பே, வேவ், பீச், சீ வியூ. நூறடிக்கு ஒரு போர்டு. அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. "அதுல என்ன போட்டிருக்குது?" "கடல் காட்சின்னு போட்டிருக்குங்க." "எங்க?" "செவுத்துக்கு அந்தப் பக்கமுங்க அத்தை." நாலைந்து போர்டுக்கு இப்படியே மொழிபெயர்த்தேன். அதற்குப் பிறகு அத்தை கேட்பதை நிறுத்திவிட்டார்.

சட்டத்தையும் பாராட்டாமல் போனால் பாவம். கடற்கரை ஒழுங்காற்று மண்டலம் என்று 1991-இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டது. அலை ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. ஊர்ப்புறங்களில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடமே கூடாது என்றது. அந்த 200 மீட்டர் கரைக்கு ரொம்ப அதிகம், பாவம் அதற்கு எதற்கு அவ்வளவு இடம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. 2019-இல் வந்த புது அறிவிக்கை, மக்கள் நெருக்கமாக வாழும் ஊரகப் பகுதிகளில் அதை 50 மீட்டராக்கிக் கொடுத்தது. ஆமைகள் மட்டும் இந்தத் திருத்தத்தைப் படிக்காமல் தை, மாசியில் பழைய இடத்துக்கே முட்டையிட வருகின்றன. பங்குனி ஆமைக் குஞ்சுகள் பொரிந்து வந்ததும் வெளிச்சமாகத் தெரியும் திசையை நோக்கி நகரும். ஒரு காலத்தில் அது கடலாக இருந்தது. இப்போது விளக்குகளின் தயவால் சாலைப் பக்கம் திரும்பி வருகின்றன. பிறந்து பத்து நிமிஷத்தில், கடலைவிட சாலைதான் மேல் என்று ஒரு குஞ்சுக்குப் புரிகிறதே, அது இந்த மண்ணின் மகிமை. மாணவப் பிள்ளைகள் சிலர்தான் ராத்திரி முழுக்க மணலில் நடந்து, முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் வைத்து, குஞ்சுகளை மறுபடி கடலில் விட்டு அவற்றின் முன்னேற்றத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உத்தண்டியில் சுங்கச்சாவடி. கடலைப் பார்க்க வருகிறவரிடம் கட்டணம் வாங்கினால் அது அநியாயம். கடலைக் காட்டாமல் சாலைக்கு மட்டும் வாங்குவதால் கணக்கு சுத்தம்.

முட்டுக்காடு பாலத்தில் அத்தை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். இரண்டு பக்கமும் தண்ணீர், படகு, காற்று. "இது கடல் இல்லீங்க அத்தை, கழிமுகம்" என்றேன். கும்பிட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். இடது பக்கம் தூரத்தில் மணல் திட்டுக்கு அப்பால் வெள்ளைக் கோடாக அலை தெரிந்தது. காட்டுவதற்குள் பாலம் முடிந்துவிட்டது. பாலத்தின் மேல் நிறுத்தக் கூடாது, பின்னால் வருகிறவர் ஹாரனிலேயே பாடம் எடுப்பார்.

கோவளத்துக் கரைக்கு 2021-இல் நீலக் கொடிச் சான்று கிடைத்தது. டென்மார்க்கில் தலைமையிடம் உள்ள அமைப்பு கொடுப்பது. 1620-இல் தரங்கம்பாடியில் வந்து கோட்டை கட்டிய அதே டென்மார்க்தான். நானூறு வருஷம் கழித்து நம் கரையில் மறுபடி ஒரு கொடி நட்டிருக்கிறார்கள் என்றால் உறவு விட்டுப்போகவில்லை என்று அர்த்தம். அந்தத் துண்டுக் கரை சுத்தமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. கொடி பறக்கிற இடம் சுத்தம் என்று சான்று வாங்கிவிட்டதால், கொடி இல்லாத மீதிக் கரைகளைப் பற்றி யாருக்கும் எந்தச் சந்தேகமும் வர வழியில்லை. அன்றைக்கு அங்கே வண்டி நிறுத்தும் வரிசை மெயின் ரோடு வரை வந்திருந்தது. "அடுத்த இடத்துல பார்த்துக்கலாமுங்க அத்தை" என்றேன். ஈசிஆரில் கார் ஓட்டுகிற யாருடைய வாயிலும் தானாக வரும் மந்திரம் இது.

அடுத்த இடத்தில் முதலைகள் இருந்தன. ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை. மதிலுக்குள் இருந்தாலும் காசு கொடுத்தால் பார்க்க விடுகிற ஒரே கடலோரவாசி முதலைதான் என்று சொல்லலாம்.

நெம்மேலி வந்தபோது மட்டும் எனக்குப் பேச விஷயம் கிடைத்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அங்கே இருக்கிறது. 2013-இல் முதல் ஆலை, நாளைக்கு 10 கோடி லிட்டர். 2024-இல் பக்கத்திலேயே இன்னொன்று, 15 கோடி லிட்டர். "நம்ம வேளச்சேரி வீட்டுக் கொழாயில வர்றதும் இங்கிருந்து போற தண்ணிதானுங்க அத்தை. உப்பை மட்டும் எடுத்துடுவாங்க." அத்தை மடியிலிருந்த பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அப்ப இதுவும் கடலுதானா?" "கடலுதானுங்க." "அட" என்று மூடியை இன்னொரு திருகு திருகி வைத்துக்கொண்டார். பார்க்கத்தான் முடியவில்லையே தவிர, தென்சென்னைக்காரன் தினமும் கடலில்தான் பல் விளக்குகிறான்.

மாமல்லபுரம் போய்ச் சேரும்போது உச்சி வெயில். ராஜசிம்மன் என்கிற பல்லவ ராஜா விவரம் தெரியாதவன். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வளவு நல்ல இடம் கையில் கிடைத்தும், அலைக்கு முன்னால் கோயிலைக் கட்டிவிட்டுப் போனான். எத்தனை அறை போட்டிருக்கலாம்! கோயிலைக் காப்பாற்றப் பாறாங்கல் அடுக்கி, வேலி போட்டு, டிக்கெட் வைத்திருக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கடல் தெரிந்தது. அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார், ஜெயிலில் மனு போட்டுப் பார்க்க வந்தவர் மாதிரி. பிறகு வெளியே சுற்றிப் போய் மணலில் இறங்கினோம். பாதி தூரத்தில் மணல் செருப்புக்குள் புகுந்து சுட்டது. மூட்டு வலியோடு எழுபத்திரண்டு வயது எவ்வளவு தூரம் ஓடும்? திரும்பிவிட்டோம். இளநீர்க்காரர் தண்டனை மாதிரி ஒரு விலை சொன்னார். கொடுத்தோம்.

கல்பாக்கத்தில் அணுமின் நிலையம். அங்கே உலையின் சூட்டைத் தணிக்கக் கடல்தான் உழைக்கிறது. வேலை நேரத்தில் பார்வையாளர்களைச் சந்திக்காது.

அதற்குப் பிறகு சாலை ஊர்களைக் கிழிக்கிறது. கிழிக்கிறது என்பது தவறு, அவரவருக்குத் தனித்தனியாகப் பாகம் பிரித்துக் கொடுக்கிறது. கிழக்கே குப்பம், மேற்கே பஸ் நிறுத்தமும் பள்ளிக்கூடமும். மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா சாலையைக் கடக்க நின்றார். அவரை நின்று மரியாதை செய்ய அந்தச் சாலையில் யாருக்கும் நேரமில்லை, எனக்கும் இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு ஓட்டலில் "கடல் உணவு" என்று மீன் படம் போட்டிருந்தது. கோபி மஞ்சூரியனும் பனீர் பட்டர் மசாலாவும் உடனே வந்தன. வஞ்சிரம் கேட்டதற்கு, கொச்சியிலிருந்து லோடு வரவில்லை என்றார் பரிமாறிய தம்பி. சாப்பிட்டு முடித்துக் கும்பகோணம் டிகிரி காபி குடித்தோம். கடலோரத்தில் காவிரிக் காபி, நம் நதிநீர் இணைப்பில் இதுவரை நிறைவேறிய ஒரே பகுதி.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, கடலோரம் ஆபத்து, தள்ளி வாருங்கள் என்று மீனவர்களுக்கு மேட்டுப் பக்கம் புது வீடு கட்டித் தந்தார்கள். வலையும் கட்டுமரமும் கரையில், குடித்தனம் சாலைக்கு மேற்கே. அந்த எச்சரிக்கையைக் கேட்டு நடுங்கியவர்கள் கரைவாசிகள் மட்டும்தான். வாரக் கடைசிக்கு வந்து தங்குகிறவர்களைப் பார்த்தால் கடலுக்கே ஒரு பயம் வந்துவிடும் போலிருக்கிறது. இல்லாவிட்டால் அலைக்கு இத்தனை பக்கத்தில் இத்தனை குடில்கள் எப்படி எழும்பும்? நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று பள்ளியில் படித்தோம். போன கணவன் திரும்பவில்லையே என்று கரையில் நின்று ஏங்குவது. இப்போது திணையே மாறி, வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை காலி செய்துவிடுகிறார்கள். ஏங்க யாருக்கும் அவகாசமில்லை.

மரக்காணத்தில் மதில் இல்லை. வீடு கட்ட லாயக்கில்லாத இடம் என்பதால் மிச்சம் விட்டிருக்கிறார்கள். சாலையின் ஓரத்திலிருந்தே உப்பளம் தொடங்கிக் கண்ணுக்கு எட்டிய வரை பாத்தி பாத்தியாக வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. சங்க காலத்து எயிற்பட்டினம் இதுதான் என்று சொல்வார்கள். அத்தை தானாகவே கதவைத் திறந்து இறங்கினார். வரப்பில் ஒரு பெண், நாற்பத்தைந்து வயது இருக்கும், நீளக் கழியில் செருகிய பலகையால் உப்பை இழுத்து ஓரத்தில் குவித்துக்கொண்டிருந்தார். பலகை தரையில் உரசும்போது அரிசி களையும் சத்தம் வந்தது. முழங்கால் வரை சேறு வெளுத்துப் போய், பாதத்தின் விளிம்பு ஏரி மண் மாதிரி வெடித்திருந்தது.

"தாராபுரத்துல இருந்து வர்றேன் கண்ணு. கடல்ல கால் நனைக்கோணும்னு."

அந்தப் பெண் பலகையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "எங்க காலு எப்பவும் நனைஞ்சிதாம்மா கெடக்குது. காயறதுக்குத்தான் வழியக் காணோம்."

கடல் உப்பைத் தேய்த்துக் குளிப்பாட்ட ரிசார்ட்டுகளில் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். இங்கே காலை விடிவதற்கு முன்னாலேயே தொடங்குகிறது அதே சேவை, அதுவும் கூலி கொடுத்துச் செய்கிறார்கள். எப்பேர்ப்பட்ட சலுகை! அந்தப் பெண் ஒரு கை உப்பை அள்ளி அத்தையிடம் நீட்டினார். பெரிய பெரிய கல்லாக, ஓரம் கொஞ்சம் சாம்பல் நிறம். அத்தை அதை முந்தானையில் முடிந்துகொண்டார். காசு கொடுக்கப் போனேன். "உப்புக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா" என்று பலகையைப் பிடித்துக்கொண்டார்.

புதுச்சேரி நெருங்கும்போது சாலை இன்னும் ஒரு பெருமையைக் காட்டுகிறது. பொம்மையார்பாளையம், சின்னமுதலியார்சாவடி, தந்திராயன்குப்பம். இந்த ஊர்களில் மதிலைத் தாண்டிப் போனாலும் கரை இருக்காது. கதை 1980-களின் கடைசியில் தொடங்குகிறது. புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லால் தடுப்புச் சுவர்கள் நீட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். அலை ஒரு கையால் எடுத்ததை மறு கையால் வைத்துவிட்டுப் போகும். சுவர் வந்ததும் மணல் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே எடுப்பது நடந்தது, வைப்பது நின்றது. புதுச்சேரி நகரத்துக் கரை கரைந்தது. கருங்கல்லைக் கொட்டி நகரத்தைக் காப்பாற்றினார்கள். அரிப்பு அடுத்த குப்பத்துக்குப் போனது. அங்கேயும் கல் கொட்டினார்கள். அது அதற்கும் அடுத்த குப்பத்துக்குப் போனது. இப்படி ஒரு ஊரின் கஷ்டத்தை அடுத்த ஊர் பகிர்ந்துகொள்ளும் ஒற்றுமையை எங்கே பார்க்க முடியும்? படகை ஏற்ற மணல் இல்லாமல் கற்களுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் புதுச்சேரி பீச் ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். அந்த நேரத்தில் அங்கே வண்டி விட மாட்டார்கள். காந்தி சிலைக்குக் கொஞ்சம் தள்ளி, தாழ்வான சுவரில் அத்தையை உட்கார வைத்தேன். கடைசியில் கடல். மதில் இல்லை, டிக்கெட் இல்லை, போர்டு இல்லை. சாம்பலும் நீலமுமாக, வானம் வரைக்கும். அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கீழே பார்த்தார். ஆள் உயரக் கருங்கல், கல்லுக்கு மேல் கல், இடுக்கில் அலை மோதி நுரை எழும்பியது.

"ஏஞ்சாமி, கடல் சரி. கரை எங்க?"

துறைமுகத்தைப் பற்றியும் மணலைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் இரும்புத் திட்டு ஒன்றை இறக்கி, கொஞ்சம் மணலைத் திரும்பக் கொண்டுவந்திருப்பதையும் சொன்னேன். ஐம்பது வருஷத்துக்கு முன் சும்மா கிடந்த மணலை விஞ்ஞானிகளை வைத்து மீட்டிருக்கிறோம் என்றால் சாதாரணமா? அந்த மணல் பக்கம் போனோம். இருட்டப் போகிறது என்று விசில் ஊதி எல்லோரையும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கல்லில் இறங்கப் பார்த்தோம். அங்கேயும் விசில். "வழுக்கும்மா, போன வாரம்கூட ஒருத்தர் விழுந்துட்டார்" என்று ஒருவர் தன்மையாகத்தான் சொன்னார்.

அத்தை மறுபடி சுவரில் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து இரண்டாவது பாட்டிலை எடுத்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, உப்புக் கற்களை ஒவ்வொன்றாகப் பாட்டிலின் வாய் வழியாக உள்ளே போட்டார். மூடியை இறுக்கித் தாளம் போடுகிற மாதிரி நன்றாகக் குலுக்கினார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் வலது காலில், அப்புறம் இடது காலில், மெதுவாக ஊற்றினார். மிச்சம் இருந்த கொஞ்சத்தைக் கையில் வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டார்.

"ஆச்சு சாமி" என்றார். "வண்டிய எடு, போலாம்."